குறிசொல்லியின் இடது கால்

...தாடி என்றால் இதுவா தாடி, நூல்கண்டைப் பிரித்துப் பசை தடவி ஒட்டிவிட்டிருக்கிறார்கள், வாயைத் திறந்தால் இழை நாக்கில் படுகிறது, இதோடு கறுப்பு அங்கியும் முக்காடும் வேறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் குறி சொன்னவர்கள் இப்படித்தான் இருந்தார்களாம், யார் பார்த்தார்கள்? வெளியே அட்டைக் கவசம் அணிந்த வீரர்கள் மண்கோப்பையில் தேநீர் குடிக்கிறார்கள், மகாராணி கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள், அலிப்பூரின் இந்தக் குளிர்காலச் சந்தைக்குப் 'பழைய ஐரோப்பா' என்று பெயர், இதில் சுந்தரராஜனாகிய நான், இந்த வங்காள நகரில் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன், சோதிடம் பொய் என்று வகுப்பறை அதிர முழங்கியவன், ஜாதகம் பாராமலேயே மகன் ஜெய்ராமுக்கு ஒரு வங்காளிப் பெண்ணை மணமுடித்தவன், கூடாரத்துக்குள் கண்ணாடி உருண்டையின் முன்னே... சீ. எல்லாம் குமரவேலால் வந்த வினை, என்னிடம் படித்தவன், இந்தச் சந்தையை நடத்துபவன், கரியாஹாட் கடைவீதியில் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், உங்க குரலுக்கு இந்த வேஷம் அப்படியே பொருந்தும் சார். ஒண்ணே ஒண்ணு, தமிழ்ல மட்டும் பேசிடாதீங்க, வர்றவங்கள நிக்க வச்சுத் திருத்த ஆரம்பிச்சுடுவீங்க. எது கேட்டாலும் நினைச்சது நடக்கும்னு சொல்லுங்க, கெட்டது யாருக்கும் வேணாம்." உடனே ஒப்புக்கொண்டேனே, ஏன்? பாலிகஞ்ச் வீட்டுக் கூடத்தில் என் கட்டில் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமையில் மருமகளின் தோழியர் வந்தால் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கவேண்டும், நான் தொண்டையைச் செருமினால் சிரிப்பு நின்றுவிடும், ஆகவே நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே...

திரை விலகியது, பச்சைச் சால்வை, மேக்னா. என் மருமகள் மேக்னாவா? முக்காட்டை இழுத்துக்கொண்டேன், விளக்கு மங்கல், தாடி இருக்கிறது, தெரியாது, தெரிய வழியில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள், இவள் சிரிக்கவில்லை, எதிரே இருந்த மோடாவில், முதுகில்லாத குட்டைப் பிரம்பு இருக்கையில், அமர்ந்தாள், வங்காள மொழியில் பேசினாள், வீட்டில் என்னை அப்பா என்ற பொருளில் 'பாபா' என்பவள் இங்கே, வழியில் காணும் எந்தக் கிழவரையும் அழைப்பதைப்போல, 'தாது' என்றாள். "தாது, எங்க வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார். நல்லவர்தான். ஆனா நான் வாயத் திறந்தாலே தப்பு. ஆசையா கத்துக்கிட்ட நாலு தமிழ் வார்த்தையையும் திருத்தித் திருத்தி, இப்ப என் வீட்டுலயே நான் பேசறதில்ல. கரக்பூர்ல அவரோட தங்கச்சி வா வான்னு கூப்பிடறாங்க. அவர் எப்ப போவார்?"

திருத்தினேனா? திருத்தினேன், விருந்தினர் எதிரில் 'பாபா வந்தாள்' என்று அவள் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை, மும்முறை சொல்லவைத்தேன், மாணவியை நிறுத்திச் சொல்லவைப்பதைப்போல, ஆனால் என் வகுப்பில் அவளைச் சேர்த்தது யார்? தங்கை விஜயாவிடம் கொஞ்சநாள் இருந்துவிட்டு வரலாமே என்று ஜெய்ராம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, என் வீட்டைவிட்டு நான் ஏன் போகவேண்டும் என்று சீறினேனே, 'என் வீட்டுலயே' என்று இவளும் அல்லவா சொல்கிறாள்... கெட்டது சொல்லக்கூடாது, சரி, இதில் கெட்டது எது, யாருக்கு? காத்திருக்கிறாள். "நீ நினைப்பது நடக்கும்" என்றேன், குரலைத் தடிப்பாக்கி, அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தக் குளிர் முடிவதற்குள்." யார் சொன்னது அதை, குறிசொல்லியா, நானா? அவள் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினேன். கிடைத்திருந்தால் கோபமாவது பட்டிருப்பேன். "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டாள், பரீட்சைத் தாளை வாங்கிய பெண்ணைப்போல. எழுந்தாள். உடனே போகவில்லை. குனிந்து, தான் அமர்ந்திருந்த மோடாவை மேசைக்கு அடியில் தள்ளி, என் இடப்பக்கமாக நகர்த்தி நிறுத்திவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கால் தானாக அதன்மேல் ஏறிக்கொண்டது, மாலைதோறும் வீட்டில் அவள் ஒன்றும் பேசாமல் தள்ளிவிடும் மோடாவின்மேல் ஏறுவதைப்போலவே, ஏறியபிறகுதான் உறைத்தது... இடது கால். அங்கிக்குள் மறைந்திருக்கும் கால். இந்த முழங்கால்தான் வலிக்கும் என்று அவளுக்கு யார் குறி சொன்னார்கள்? எப்போது தெரிந்துகொண்டாள், குரலைக் கேட்ட பிறகா, திரையை விலக்கும்போதேயா, அதற்கும் முன்பா? முன்பே தெரியும் என்றால் அந்தக் கேள்வி... அந்தக் கேள்வியைக் கேட்க இந்தத் தாடி தேவைப்பட்டிருக்கிறது, எனக்கல்ல, அவளுக்கு. நான் போகவேண்டும் என்றவளும், கால் வலிக்குமே என்று மோடாவைத் தள்ளியவளும் ஒருத்திதானா? இரவு சோற்றைப் பரிமாறும்போது யாரிடம் பேசுவாள், பாபாவிடமா, தாதுவிடமா, யாரிடமும் பேசாமலா? குளிர் முடிய இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது, தை பிறந்துவிட்டது...

குமரவேல் தலையை நீட்டினான். "சார், வெளிய ஒரு குடும்பமே நிக்குது. அனுப்பட்டுமா?" வருகிறவர் உட்கார மோடா வேண்டும். காலை எடுக்கவேண்டும். "சார்?" என்றான் மறுபடியும். எடுக்கவில்லை.