பதில் சொன்னவர்

நாற்பத்தேழாவது தாளை நிரப்பியது என் கை. சண்முகவடிவுக்கு நல்ல தூக்கம், கவலை எதுவுமில்லை என்று நான்தான் எழுதினேன். சொன்னது அவள் இல்லை. அவள் புருஷன் பிரதாப்.

நான் பல்கலைக்கழகத்தில் உளவியலை மூன்றாம் வருடத்தில் விட்டவள். பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரவு வேலை. அதையும் விட்டுவிட்டு நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டேன். கொழும்பிலிருந்து டொக்டர் நிரஞ்சன் மனநல ஆய்வுக்கு வந்தபோது, தாள் நிரப்ப ஆள் தேவைப்பட்டது. போனேன். ஆய்வு முடிந்ததும் தோட்டத்துக்கு வாரம் ஒருநாள் ஆலோசகர் வருவார். யாருக்காக, எத்தனை மணிக்கு என்பதை எங்கள் தாள்கள்தான் முடிவு செய்யும்.

தினமும் இரண்டு மணிக்கு வேன் வரும். பனிமூட்டம் இறங்குமுன் நான்கு மணிக்குப் போய்விடும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் ஒரு மணிக்கே லயத்துக்கு வந்துவிடுவார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் ஐந்து மணிவரை மலையில். தாளிலும் 'குடும்பத் தலைவரிடம் கேட்கவும்' என்றுதான் அச்சடித்திருந்தது. அதனால் ஆண்கள் தங்களுக்கும் சொன்னார்கள், மனைவிமாருக்கும் சொன்னார்கள். இங்கேயே பிறந்த எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"பொம்பளைங்க கிட்ட மனவழுத்தம் ரொம்பக் குறைவு. நல்ல தாங்கும் சக்தி" என்றார் டொக்டர். ஆலோசகர் ஆண்களுக்காக, புதன்கிழமை இரண்டு மணிக்கு. அறிக்கை வெள்ளிக்கிழமை போகிறது.

அன்று மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டி வந்தேன். வரிசையில் சண்முகவடிவு கண்மூடி நின்றிருந்தாள். அவள் கூடையைப் பின்னால் நின்ற ராக்காயி அக்கா பிடித்திருந்தார்.

"நின்னுக்கிட்டே தூங்குறா. புள்ள செத்துப் பொறந்ததுலேருந்து வீட்டுல கண்ண மூடுறதில்ல" என்றார் ராக்காயி. "ஆமா, ஒங்க தாள்ல என் பேரும் இருக்கா?"

"இருக்கு அக்கா. ஒங்களுக்கு ஒரு கவலையும் இல்லன்னு ஒங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"அந்த மனுசனுக்கு என் செருப்பு அளவே தெரியாது. மனசு மட்டும் தெரிஞ்சிருச்சாக்கும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் பையிலிருந்து தாளை எடுத்து ஒரு கேள்வியை வாசித்தேன். "மனசு சரியில்லாம வேலைக்குப் போகாத நாள் எத்தனை?"

"ஒண்ணுமில்ல. மனசு சரியில்லன்னு நின்னுட்டா கண்டாக்கு ஐயா அன்னைக்குக் கூலிக்குப் பேர் போடுவாரா? அழுதுக்கிட்டே கொழுந்து எடுத்த நாளக் கேளு, சொல்றேன்."

அந்தக் கேள்வி தாளில் இல்லை.

சண்முகவடிவு விழித்துவிட்டாள். "தூக்கம் வருதா அக்கா?" என்றேன்.

"எதுக்குக் கேக்குற? அதான் அவரு சொல்லிட்டாராமே" என்று கூடையை வாங்கிக்கொண்டு தராசுப் பக்கம் போனாள்.

மறுநாள் தோட்டக் கந்தோரில், டொக்டரின் மேசையில் பெண்களின் தாள்களை இரண்டு கட்டாக வைத்தேன். மொத்தம் எண்பத்தெட்டு. அதில் ஆண்கள் பதில் சொன்ன எழுபத்தொன்பது ஒரு கட்டு, மீதி ஒன்பது இன்னொரு கட்டு.

"தகவல் சேகரிப்பு முடிஞ்சிருச்சு, டிலுக்ஷி. நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க."

"அதையும் ஒரு தாள்ல எழுதுங்க டொக்டர். பதில் சொன்னவர்னு ஒங்க பேரப் போட்டுக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. மேலே 'குடும்பத் தலைவரிடம்' என்று இருந்தாலும், ஒவ்வொரு தாளின் அடியிலும் 'சம்பந்தப்பட்டவரிடம் நேரில் கேட்டு எழுதினேன்' என்று ஒரு வரி உண்டு. அதன் கீழே நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றேன். கையெழுத்து இல்லாத தாள் அறிக்கையில் சேராது. அது அவருக்கும் தெரியும்.

அவர் பெரிய கட்டை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு தாள்களைப் புரட்டினார். நாற்பத்தேழில் நின்றார். பிள்ளை இறந்து ஐந்து மாதம் என்று ஒரு கட்டத்திலும், கவலை எதுவுமில்லை என்று அடுத்த கட்டத்திலும் நானே எழுதியிருந்தேன்.

"இத நான் எப்படிப் பாக்காம விட்டேன்?" என்றார்.

"நானும்தான் விட்டேன்."

"அவங்ககிட்டயே கேக்கணும்னா அஞ்சு மணிக்கு மேல ஆயிடும். அதுவரைக்கும் வேன் நிக்காதே."

"வேன அனுப்பிடுங்க. கடைசி பஸ் ஆறரைக்கு இருக்கு."

வெள்ளிக்கிழமை அறிக்கை போகவில்லை. புதன்கிழமை இரண்டு மணி என்ற வரியை அவரே பேனாவால் அடித்தார்.

திங்கட்கிழமை நிறுவை முடிந்ததும் மடுவத்தின் பின்பக்கம் இரண்டு சாக்கை விரித்தேன். முதல் ஆளாகச் சண்முகவடிவைக் கூப்பிட்டேன். பிரதாப் வேகமாக ஏறி வந்தான்.

"தங்கச்சி, இவளப் பத்தி நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே. மூத்தவன யாரு புள்ளக்காம்பராவுலேருந்து கூட்டியாறது?"

"நீங்கதான் அண்ணே. ஒரு மணியிலேருந்து சும்மாதானே இருக்கீங்க."

"அப்புடிப் போடு!" என்றார் ராக்காயி.

பிரதாப் மனைவியைப் பார்த்தான். அவள் அசையவில்லை. அவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராப் பக்கம் இறங்கிப் போனான்.

சண்முகவடிவு கூடையை இறக்கிவிட்டுச் சாக்கில் உட்கார்ந்தாள். "மொதல்லேருந்து கேளு" என்றாள்.

புதுத் தாளில் 'பதில் சொன்னவர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டேன். தூக்கம் எப்படி?

"இல்ல" என்றாள். "அஞ்சு மாசமா இல்ல. எழுது."

எழுதினேன்.