கழித்துப் போட்ட தோல்கள்

கடைத்தெருவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியவில்லை. வைத்தவருக்கு நாக்கு நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. விலை உயர்ந்த கைப்பைகளைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். கதவிடுக்கில் மாட்டிக் கிழிந்த பை, பூனை பிறாண்டிய பை, காபி கொட்டிய பை எல்லாம் கீழே தம்பியின் கடைக்கு வரும். அங்கிருந்து மாடியில் அவள் மேசைக்கு ஏறும். இறங்கும்போது எந்த இடத்தில் கிழிந்திருந்தது என்று பைக்கே மறந்துபோயிருக்கும். அதில் அவளுக்குக் கர்வம். சும்மா ஓரமாக உட்கார்ந்திருக்கிற கர்வம் இல்லை, தலைமேல் ஏறி ஆடுகிற கர்வம்.

முதலைத்தோல் பை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மாட்டுத்தோலை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். முதலையின் வயிற்றுத்தோலில் செதில்கள் கட்டம் கட்டமாக ஓடும். நடுவில் பெரிசு, ஓரம் போகப் போகச் சிறிசு. கிழிந்த இடத்தில் புதுத் துண்டு வைக்கும்போது அந்த ஓட்டம் அறுபடக் கூடாது. அதே ரகம், கிட்டத்தட்ட அதே வயது முதலையின் அதே இடத்துத் தோல் வேண்டும். பண்ணையில் வளர்க்கிற முதலையின் தோல் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பழைய பைகளில் இருப்பது ஆற்று முதலை. அது உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம், தொட்டால் ஜெயில். இருந்தாலும் தம்பி எப்படியோ வரவழைத்துவிடுவான். அவள் ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிடிக்கவில்லையென்றால் பின்பக்கம் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "சரியில்லை, வேற காட்டச் சொல்லு" என்று கீழே அனுப்பிவிடுவாள். ஜவுளிக்கடையில் உட்கார்ந்துகொண்டு அடுத்ததை விரிக்கச் சொல்வது போலத்தான்.

"எங்கேருந்துடா வருது இதெல்லாம்?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள்.

"எல்லாம் பழைய ஸ்டாக்குக்கா. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே குடோன்ல கிடந்தது. நீ உன் வேலையைப் பாரு."

அவளும் பார்த்தாள். குடோனில் கிடக்கிற தோல் என்றால் கேட்ட மறுநாளே வரவேண்டாமா, ஏன் ஒவ்வொரு தடவையும் வாரக்கணக்கில் ஆகிறது என்று கேட்கவில்லை. அவளா முட்டாள்? ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிறவளுக்கு இது மட்டும் கண்ணில் படாமல் போகுமா? கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை. வீட்டில் பல்லி செத்துக் கிடந்தால் கணவனைக் கூப்பிட்டு எடுத்துப்போடச் சொல்கிற மனசு வேறு அவளுக்கு.

பல் டாக்டரம்மாவின் பை வந்தது அப்போதுதான். மாமியார் கொடுத்த பழைய முதலைத்தோல் பை, காரின் கதவில் சிக்கி மூடியின் ஓரம் பிய்ந்துபோயிருந்தது. டாக்டரம்மா நல்ல மனுஷி. இவள் மகளுக்குப் பல்லில் கம்பி கட்டியபோது பாதி காசுதான் வாங்கினாள். "அவசரமே இல்லை, பொறுமையா செய்யுங்க" என்று வேறு சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை போதாதா பூதக்கண்ணாடிக்கு? வந்த தோலையெல்லாம் கழித்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் தம்பி கைபேசியோடு மேலே வந்தான்.

"அக்கா, உன்னோட மாரடிக்க என்னால ஆகாது. இனிமே முன்னாடியே படம் அனுப்பச் சொல்லியிருக்கேன். நீ பார்த்து சரின்னு சொன்னா மட்டும்தான் வாங்கப் போறேன். பாரு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஈரமாகப் பளபளக்கும் வயிறு. செதில்கள் சின்னச் சின்னதாக, கோடு போட்டது மாதிரி ஓடின. இத்தனை நாளாக மனசுக்குள் வைத்துத் தேடிக்கொண்டிருந்தது அப்படியே எதிரில் இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது.

"இதுதான்டா! இதேதான்! இதை விட்டுடாதே!"

தம்பிக்கு அப்பாடா என்றிருந்தது. போனை வாயருகே கொண்டுபோய், "அக்கா ஓகே சொல்லிட்டாங்க, முடிச்சுடுங்க" என்று பேசி அனுப்பினான்.

அதோடு விட்டிருந்தால் அவள் பூதக்கண்ணாடியா?

"இன்னொரு தரம் காட்டேன். ஓரத்துல எப்படின்னு பார்க்கணும்."

"வீடியோவே அனுப்பியிருக்கான், இந்தா."

வீடியோவில் அதே வயிறு. அதே செதில்கள். அவள் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் மெல்ல மேலே எழும்பியது, பிறகு இறங்கியது. மறுபடி எழும்பியது. ஏதோ கை நடுக்கத்தில் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். ரப்பர் உறை போட்ட ஒரு கை குறுக்கே வந்து அந்த வயிற்றை அழுத்திப் பிடித்தது. வாயைச் சுற்றிக் கயிறு தெரிந்தது. கேமராவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"டேய், இது உயிரோட இருக்குடா."

தம்பி போனை வாங்கிக்கொண்டான். "இப்போதைக்கு இருக்கு" என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது போலும். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போனைப் போடு. வேண்டாம்னு சொல்லு. எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லு. போடுடா!"

மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டான். எடுக்கவில்லை. அவள் எழுந்து நின்றுகொண்டு கையைப் பிசைந்தாள். கடைசியில் ஒரு குரல், ரொம்ப மரியாதையான குரல், எடுத்தது.

"சொல்லுங்க சார். முடிஞ்சிருச்சு. பதம் பண்ணி அனுப்பிடறேன், அக்காவை நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷமாகக் கத்தினோமே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. கொல்லு என்று கோபத்தில் சொல்கிறவன்கூட இத்தனை ஆசையாகச் சொல்லமாட்டான்.

"அப்போ இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்?"

தம்பி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான் வேண்டாம்னு திருப்பி அனுப்பினேனே, அதையெல்லாம் குடோன்ல வாங்கிக்கிட்டாங்கதானே?"

"குடோனும் கிடையாது ஒண்ணும் கிடையாதுக்கா. நீ கேட்ட அளவைச் சொல்லுவேன், அவங்க ஆத்துல போய்த் தேடுவாங்க."

"திருப்பி அனுப்பினது?"

அவன் கீழே கூட்டிப்போனான். கடையின் உள்ளறையில் இரும்பு பீரோ. அதைத் திறந்ததும் செய்தித்தாளில் சுருட்டிய சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. விற்கலாம் என்றால் பயம், எறியலாம் என்றால் அதைவிடப் பயம், அதனால் பூட்டி வைத்திருந்தானாம். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் விரித்தாள். எல்லாவற்றின் பின்பக்கத்திலும் அவள் கையால் போட்ட பெருக்கல் குறி.

எதை ஏன் கழித்தோம் என்பது அவளுக்கு மறக்கவில்லை. அதுதான் தண்டனை. இது, செதில் ஒரு நூல் பெரிசு. இது, தொப்புள் பக்கத்தில் சின்னதாக ஒரு தழும்பு. இது, சாயம் ஏறாதோ என்று சந்தேகம், ஏற்றிப் பார்க்கக்கூட இல்லை. இன்னொன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதில் எந்தக் குறையும் இல்லை. அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. குறியைப் போட்டு அனுப்பிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றான் தம்பி. சண்டைக்குச் சொல்லவில்லை, அவன் குரலும் உடைந்துதான் இருந்தது. "உன் கைவேலை சுத்தம்னுதான் கடைக்கு ஆள் வருது. உனக்குப் பிடிக்கணுமேன்னுதானே நான் அலைஞ்சேன்."

போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போனை எடுக்கவும் செய்தாள். தம்பியின் மனைவி நிறைமாதம். அவனுக்குப் பின்னாலேயே தன்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள், மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். குடும்பத்துக்காகத்தான் பேசாமல் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டாள்; பாதி நிஜம், பாதி தன் தோலைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை. அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"இனிமே ஒண்ணையும் வரவழைக்காதே, இப்ப முடிச்சதையும்கூட. அந்த ஆளு நம்பரை அழி. முதலைப்பைன்னு யாராவது வந்தா வாசலோட அனுப்பிடு. டாக்டரம்மா பைக்கு இதை வச்சே முடிச்சுடறேன்."

அவள் எடுத்தது அந்தப் பைக்காக முதன்முதலில் வந்த தோல். செதில் ஒரு நூல் பெரிசு என்று கழித்தாளே, அது.

அந்த வேலையை அவள் எப்படிச் செய்தாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. கை தன்பாட்டுக்கு வெட்டியது, ஓரம் சீவியது, பசை தடவியது, தைத்தது, சாயம் ஏற்றியது. மனசு ஒன்றை மட்டும் வேண்டிக்கொண்டிருந்தது. வித்தியாசம் தெரிய வேண்டும். பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். டாக்டரம்மா முகம் சுளித்து, "என்னம்மா, பொருந்தலையே" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டால் தான் கழித்ததற்கெல்லாம் ஒரு காரணமாவது இருந்தது என்று ஆகும். மிச்ச முதலைகள் ஏதோ ஒன்றுக்காகச் செத்தன என்று ஆகும். தன் வேலையில் குறை கண்டுபிடிக்கச் சொல்லி அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா வந்தாள். பையைக் கையில் வாங்கி மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். விரலால் நெடுகத் தடவினாள். பிய்ந்த இடத்தைத் தாண்டி விரல் போய்விட்டது, நிற்கவேயில்லை.

"அம்மாடி! எந்த இடம்னே தெரியலையே!"

"நல்லாப் பாருங்க மேடம்."

"பார்த்துட்டுத்தானே சொல்றேன்."

"வெளிச்சத்துல பாருங்க." அவள் பையை வாங்கி வாசல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். தம்பி கல்லாவிலிருந்து நிமிர்ந்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். அவள் சட்டை செய்யவில்லை. "இங்க, இந்த ஓரத்துல. செதில் பெரிசா இருக்கு பாருங்க. பொருந்தலை. எனக்குத் தெரியுதே, உங்களுக்குத் தெரியலையா?"

டாக்டரம்மா தோளில் மாட்டியிருந்த வேறொரு பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவள் விரல் வைத்த இடத்தில் குனிந்து பார்த்தாள். மரியாதைக்காக ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அவள் தோளை அன்பாகத் தட்டிச் சிரித்தாள்.

"போங்கம்மா. இதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க?"