தப்புக்கு ஒரு ஊர்

கொழுந்தன் சாப்பிட்டுக் கை கழுவி, உள்ளறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டால் போதும், டெய்லரக்கா மெஷினை நிறுத்திவிடுவாள். பாதித் தையலில் இருந்தாலும் சரி, இன்னும் ஒரே ஒரு கை ஓரம்தான் பாக்கி என்றாலும் சரி, நின்றது நின்றதுதான். ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறவன் மத்தியானம் படுத்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பான். துணி ஓரம் அடிக்கிற அவளுடைய ஓவர்லாக் மெஷின் ஓடினாலோ மாடி முழுக்க அதிரும், அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நிறுத்தச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதில்லை. கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அவளாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. சின்னப் பையனாக இந்த வீட்டில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், தூங்கட்டும் என்று.

அந்த வீட்டில் அவள் பெரியவள், அவளுடைய ஓரகத்தி சின்னவள். தெருவுக்குத்தான் டெய்லரக்கா. பள்ளிக்கூடச் சீருடைகளை மொத்தமாக வாங்கித் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். புருஷன் வேன் ஓட்டுகிறார். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வாடகை மாடியில், ஒரே அடுப்பில், அவ்வப்போது முணுமுணுத்துக்கொண்டாலும் முகம் திருப்பிக்கொள்ளாமல் இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று.

மெஷின் நின்றபின் இருக்கிற மத்தியான வேளையில்தான் ஆட்டம். கொழுந்தன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை யாரிடமோ வாங்கி வந்திருந்தான். அதை விற்றவர் அழிக்காமல் விட்ட ஒரே ஒரு விளையாட்டு அதற்குள் இருந்தது. பழங்காலத்துப் பேரரசுகள், கோட்டைகள், கடல்கள், அவற்றுக்கு நடுவே ஒருவரையொருவர் விழுங்கப் பார்க்கிற ராஜாக்கள். இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டரில் முறை மாற்றி ஆடலாம். ஒருத்தி ஆடும்போது மற்றவள் பார்க்கக் கூடாது, பார்த்தால் படை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துபோகும். அதனால் பெரியவள் ஆடுகையில் சின்னவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவாள். சின்னவள் ஆடுகையில் பெரியவள் சுவரைப் பார்த்தபடி பொத்தான் வைப்பாள். சத்தத்தை அடைத்துவிடுவார்கள். குதிரைகள் ஓசையில்லாமல் ஓடும், ஊர்கள் ஓசையில்லாமல் எரியும். வென்றவள் சிரிக்கவேண்டுமானாலும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டுதான்.

ஆரம்பத்தில் பெரியவளுக்கும் ஊர்கள் இருந்தன. சின்னவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டாள். கடைசி ஊரையும் முற்றுகையிட்டபோது திரையில் ஒரு கேள்வி வந்தது: ஊரைக் கொளுத்திவிட்டு மக்கள் மொத்தமும் வண்டி கட்டிக் கிளம்புவதா? சரியாகப் படிக்காமல் பெரியவள் ஆமாம் என்று அழுத்திவிட்டாள். அடுத்த கணம் அவள் ஊர் சாம்பலாகி, அங்கே இருந்த கொல்லன், குடியானவன், கிழவன், குழந்தை எல்லாரும் ஆயுதம் ஏந்திய பெருங்கூட்டமாக நடுரோட்டில் நின்றார்கள். அன்றைக்கு அழப் பார்த்தவள், ஒரு வாரத்தில் அந்தக் கூட்டத்தின்மேல் உயிரையே வைத்துவிட்டாள். ஊர் இல்லை, அதனால் காவல் காக்க வேண்டியதில்லை. வரி இல்லை, சம்பளமும் இல்லை. போகிற வழியில் கிடைத்ததைத் தின்று, பனியிலும் சேற்றிலும் வண்டிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு கண்டிஷன். எந்த ஊரிலாவது குடியேறினால் கூட்டம் அந்த நிமிஷமே கலைந்துவிடும். வேல் பிடித்தவர்கள் ஏர் பிடித்துக்கொண்டு ஊர்ச்சனமாகிவிடுவார்கள்.

“உங்க ஆளுங்க குளிச்சு எத்தன வருஷமாச்சுக்கா? வாட என் கோட்டை வரைக்கும் அடிக்குது” என்பாள் சின்னவள்.

“வரி வாங்கித் தின்னு தொப்ப போட்ட ஊர்க்காரி, நீ பேசாத” என்பாள் பெரியவள்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சின்னவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் வாய் திறந்து சொல்ல வராது. ஆட்டத்தில் ஒரு ஊரை விட்டுக்கொடுப்பாள். அதாவது, அக்காவின் வண்டிகள் போகிற வழியில் இருக்கிற ஏதோ ஒரு ஊரின் காவற்படையை மட்டும் சத்தமில்லாமல் வெளியே அழைத்துவிடுவாள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் காகிதம் வெட்டி முனையை மழுக்கியதற்கு ஒரு குக்கிராமம் வந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்து ஒரு சீருடையைப் பொசுக்கியதற்கு ஆற்றங்கரையில் ஓரளவு பெரிய ஊர். பெரியவளுக்கு இது இரண்டாவது தடவையிலேயே பிடிபட்டுவிட்டது. ஊரின் அளவைப் பார்த்தே தப்பின் அளவைச் சொல்லிவிடுவாள். “சந்தையெல்லாம் இருக்கேடி. எதடி ஒடச்ச?” என்று கேட்பாள். சின்னவள் முதுகைத் திருப்பாமலே சொல்லுவாள். அதோடு விஷயம் முடிந்துவிடும், கோபம் ராத்திரிச் சாப்பாடுவரைகூட நீடிக்காது. அந்த ஊரைப் பெரியவள் கொள்ளையடித்துவிட்டு மேலே போவாள்.

அன்றைக்கு ஆட்டத்தைத் திறந்தபோது, அவளுடைய வண்டிகளுக்கு முன்னால் துறைமுகப் பட்டணம் காவல் இல்லாமல் கிடந்தது.

பெரியவள் முதலில் நம்பவில்லை. மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அது சின்னவளின் செல்ல ஊர். நாலு குடிசையும் ஒரு படகுத்துறையுமாக இருந்ததைப் பார்த்துப் பார்த்து வளர்த்து, மூன்று சுற்று மதிலும் கலங்கரை விளக்கும் கட்டியிருந்தாள். அந்த ஊருக்குப் போகிற பாலத்தின் பக்கம் வண்டியை நிறுத்தியதற்கே ஒருமுறை ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கு நின்றவள். இப்போது மதிற்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சிப்பாய்கூட இல்லை. சண்டை இல்லாமலே பட்டணம் கைக்கு வந்தது. திரையில் கேள்வி எழுந்தது: இங்கே குடியேறுவதா, கொள்ளையடித்துவிட்டு நகர்வதா?

சந்தோஷம் ஒரு நொடிதான். பிறகு கணக்குப் பார்த்தாள். காகிதம் வெட்டியதற்குக் குக்கிராமம், பொசுக்கியதற்கு ஆற்றங்கரை என்றால், இதற்கு?

திரும்பிப் பார்த்தாள். சின்னவள் வழக்கம்போல முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலச் சட்டை. கத்தரிக்கோல் மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, பிசிறே இல்லாத இடத்தில்.

“என்னடி செஞ்ச?”

“ஒண்ணுமில்லக்கா. நீங்க ஆடுங்க.”

“ஒண்ணுமில்லாததுக்கு இவ்ளோ பெரிய ஊரு வராது.”

கத்தரிக்கோல் நின்றது. உள்ளறையில் கொழுந்தனின் குறட்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. சின்னவள் மடியில் இருந்த சட்டையைப் பார்த்தே சொன்னாள்.

“அந்த வீட்ட நாங்களும் என் தங்கச்சி குடும்பமுமா எடுத்துட்டோம்க்கா.”

எந்த வீடு என்று பெரியவள் கேட்கவில்லை. இருந்தது ஒரே வீடுதான். இந்த மாடியை இடிக்கப்போகிறேன், மாசக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்ன நாளிலிருந்து, ஓரகத்திகள் இருவரும் ஒரே குடையில் தெருத் தெருவாக அலைந்து பிடித்த வீடு. தையல் மெஷின் என்றதும் கதவைச் சாத்தியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் புது வீட்டுக்காரரோ, கீழும் மேலுமாக இரண்டு குடும்பம் சேர்ந்து எடுத்துக்கொண்டால் போதும், மெஷின் ஓடட்டும் என்றார். கீழ் வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி நீளமாக ஒரு சிமென்ட் மேடை. அதைப் பார்த்ததும் பெரியவள் கையால் சாண் போட்டு அளந்தாள், எட்டுச் சட்டைத் துணியை அடுக்கி ஒரே வெட்டில் வெட்டலாம். “இது உங்களுக்காகவே கட்டுனது போல இருக்குக்கா” என்று சின்னவள்தான் சொன்னாள். அங்கே போனால்தான் இந்த வருஷத்துப் பள்ளிக்கூட ஆர்டரை எடுக்க முடியும். எடுப்பதாக வாக்கும் கொடுத்தாயிற்று, துணிக்கட்டுகளும் வந்து இறங்கிவிட்டன.

சின்னவள் சொல்லிக்கொண்டே போனாள். தங்கச்சி புருஷன் ரொம்பக் கேட்டாராம். கொழுந்தனால் தட்ட முடியவில்லையாம். அக்காவிடம் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாளாம். பேச்சு ஒரு சீரில் வரவில்லை, சிக்கு விழுந்த நூல்போல இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் அடியில் கிடந்ததும் வந்தது.

“இவருக்கு மெஷின் சத்தம் ஒத்துக்கலயாம்க்கா. புது வீட்லயாவது நிம்மதியா தூங்கணும்னாரு.”

பெரியவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, உள்ளே தூங்குகிறவனை எழுப்பாத குரலில் கேட்டாள்.

“மத்தியானத்துல நான் என்னைக்காவது ஓட்டியிருக்கேனா?”

“இல்லக்கா. அத நானும் சொன்னேன்.”

“எப்ப முடிவாச்சு?”

கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது.

“மேச இறக்குறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“முன்னாடி” என்றது முதுகு.

துணி வெட்டுகிற மேசை போன வாரம்தான் போயிற்று. புது வீட்டில் மேடை இருக்கும்போது இது எதற்கு என்று தச்சருக்கே கொடுத்துவிட்டாள். படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்பவில்லை. பலகை மட்டும் போதும் என்று தச்சர் சொல்ல, நாலு கால்களையும் அறுத்துத்தான் இறக்க முடிந்தது. அறுக்கும்போது மரத்தூள் மாவு மாதிரி கொட்டியது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கிய மேசை, அதன்மேல்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் துணி மாற்றினாள். அன்றைக்கு ஒரு மூலையைத் தச்சர் பிடித்தார், ஒரு மூலையை அவள் புருஷன், ஒரு மூலையை அவள்.

“இன்னொரு மூலைய நீதானேடி பிடிச்ச.”

சின்னவளின் தோள்கள் குலுங்கின. அழுகை வந்தாலும் திரும்பவில்லை. பெரியவளின் முறை இன்னும் முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஆட்டத்தின் விதியை மட்டும் சின்னவள் மீறவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திட்டிவிடலாம். நாக்கில் வார்த்தை வரிசை கட்டி நின்றது. ஆனால் எல்லாமே கத்தரிக்கோலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஏற்கெனவே செலவழித்த வார்த்தைகள், இதற்குக் காணாது. புருஷனிடம் சொன்னால், தம்பிதானே, போகட்டும் விடு என்று வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கொழுந்தனை எழுப்பிக் கேட்கலாம். என்ன கேட்பது? படுக்கப் போகும் முன்தான் அவன், அண்ணி, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்று தட்டை நீட்டினான். வீட்டைப் பேசி முடித்த பின்பும் நீட்டிய தட்டு. அவளும் ஊற்றினாள்.

திரையைப் பார்த்தாள். கேள்வி அப்படியே நின்றது. பனியில் அவளுடைய சனம் மொத்தமும் மதிலுக்கு வெளியே வண்டிகளோடு காத்திருந்தது. குடியேறு என்று ஒரு தட்டுத் தட்டினால் கலங்கரை விளக்கும் படகுத்துறையும் அவளுடையவை. வேல் எல்லாம் உள்ளே போய்விடும். சின்னவளும் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி, எடுத்துக்கிட்டீங்களாக்கா என்று கேட்பாள். எடுத்துக்கொண்டால் எப்போதும்போல விஷயம் முடிந்ததாகிவிடும். கொள்ளையடி என்று தட்டினாலும் கணக்கு அதேதான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வாங்கிக்கொண்டவளாகிவிடுவாள்.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

எழுந்து மூலைக்குப் போனாள். ஓவர்லாக் மெஷின் அங்கே பழைய போர்வை போர்த்தி நின்றது. ஓடும்போது நகராமல் இருக்க அதன் இரும்புக் கால்களைத் தரையோடு முடுக்கியிருந்த போல்ட்டுகளை நேற்றே கழற்றிவிட்டாள், சாமான் வண்டி வந்தால் தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. கழற்றிய இடத்தில் நாலு குழிகள் இருந்தன. போர்வையை இழுத்து மடித்து ஸ்டூலின்மேல் போட்டாள். பிளக்கைச் செருகினாள். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது.

“அக்கா” என்றாள் சின்னவள், சுவரைப் பார்த்தபடியே. “அவரு தூங்குறாருக்கா.”

பெரியவள் நீலச் சட்டைத் துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊசிக்கடியில் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் மத்தியான வெயில் இந்த மெஷின்மேல் விழுந்து, அது ஓடி, அவள் பார்த்ததில்லை. மிதியில் காலை வைத்து முழுசாக அழுத்தினாள்.

அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. கட்டு எதுவும் இல்லாத மெஷின் தன் அதிர்விலேயே குழிகளை விட்டு விலகி, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று தரையில் கீறிக்கொண்டு நகர்ந்தது. அவளும் ஸ்டூலைக் காலால் இழுத்து இழுத்து அதன் பின்னாலேயே போனாள், துணியை விடவில்லை. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. சின்னவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், ஆனாலும் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் திரையில் மதிற்கதவு திறந்தே கிடந்தது. அதற்கு வெளியே பனியில் வண்டிகள் நின்றன.