தண்ணீரின் சூடு

“சொம்பப் புடிச்சிக்கிட்டே நின்னா தண்ணி தானா ஊத்தாது தம்பி” என்றார் பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த பாவா.

ஆரிப் அசையவில்லை. நெல்லித்தோப்பு வீட்டின் பின்புறத்தைத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே பெஞ்சில் அத்தா. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாலை அஸர் தொழுகைக்குள் குளிப்பாட்டி முடிக்க வேண்டும். பெத்த புள்ளதான் ஊத்தணும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாராம்.

“நீங்க இதப் பத்திதான் கடலோரப் பங்களாவுல ஒரு மணி நேரம் பேசுனீங்களாமே? படமெல்லாம் போட்டு?”

“நாப்பத்திரண்டு படம், பாய்.”

“அப்பறம் என்ன?”

தண்ணீர் ஊற்றக் கற்றுத்தரும் நாற்பத்து மூன்றாவது படத்தை அவன் தயாரிக்கவில்லை. மய்யித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டும் மரபுகள் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவன் ஒரு மய்யித்தையும் தொட்டதில்லை. ஆய்வு உதவித்தொகை தந்தவர்கள் மூன்று மாதம் தங்கள் கடலோரப் பங்களா விடுதியிலேயே தங்கச் சொன்னார்கள். வீடு இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. விதி விதிதான். சொந்த ஊரிலேயே வெளியூர் அறிஞனானான்: ஏசி அறை, காலையில் குரோசான், வீட்டுக்கு வாட்ஸப்பில் ஸலாம்.

போன வாரம் அவனது பொது உரைக்கு அத்தா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, முதல் வரிசை. தட்டாஞ்சாவடியில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். கேள்வி நேரத்தில் முதல் ஆளாகக் கை தூக்கி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி எவ்ளோ சூடா இருக்கணும்?”

அவர் யாரென்று சபையில் யாருக்கும் தெரியாது. ஆரிப்பும் சொல்லவில்லை. “நல்ல கேள்வி. ஆனா அது என் ஆய்வு எல்லைக்குள்ள வரல” என்றான். சபை சிரித்தது. அத்தாவும் சிரித்தார். போகும்போது அம்மாவுக்கென்று இரண்டு பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

ஆரிப் வாளியில் கை விட்டான். சுட்டது. பச்சைத் தண்ணீர் ஊற்றினான். ஜில்லென்றது. வெந்நீர் ஊற்றினான். மறுபடி பச்சைத் தண்ணீர். வாளி நிரம்பி, குளிப்பாட்டலுக்கென்று போட்டிருந்த இலந்தை இலைகளோடு அவன் காலில் வழிந்தது.

“வெதுவெதுப்பா இருந்தா போதும் தம்பி. நேரமாவுது.”

“வெதுவெதுப்புன்னா எவ்ளோ பாய்?” குரல் கிறீச்சிட்டது. “சொல்லுங்க பாய். எவ்ளோ?”

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது.

“அவருக்குக் கொஞ்சம் கூடவே சூடு வேணும்டா. முழங்கைய வச்சிப் பாரு. கொழந்தையில உன்னக் குளிப்பாட்டும்போது அவரு அப்பிடித்தான் பாப்பாரு.”

முழங்கையை விட்டுப் பார்த்தான். இன்னும் ஒரு சொம்பு வெந்நீர் சேர்த்தான்.

பாவா தலையைத் தாங்கிப் பிடித்தார். ஆரிப் வலது கையால் மெல்ல ஊற்றினான். காதுக்குள் தண்ணீர் போய்விடாமல் இடது உள்ளங்கையைக் குவித்து அணை வைத்திருந்தான்.