நீலத்துக்கு முன்னால் இருசப்பன்

1978ஆம் வருஷம் ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் பஸ் போர்டு எழுதுகிற இருசப்பன் ஒரு கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டார். அன்றைக்குச் சந்தையில் கத்திரிக்காய் ஜாஸ்தி, தக்காளி கம்மி. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மாட்டியதால் பார்த்த சாட்சி கிடையாது. மனைவி பச்சையம்மாள் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தபோது, சுவரில் சாய்த்திருந்த ஆளுயரக் கண்ணாடிக்குள், நீலப் பெயிண்டுக்கு முன்னால், கையில் பிரஷோடு நின்றிருந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "கதவ ஒடச்சது யாரு?"

மாட்டியதற்குக் காரணம் அவர் யாரையும் நம்பாததுதான். முப்பது வருஷம் பலகையிலும் தகரத்திலும் ஊர்ப்பெயர் எழுதியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவருக்கு எழுத்தெல்லாம் படம்தான். கீழ்பென்னாத்தூர் என்பதை ஒரே மூச்சில் எழுதி முடிப்பார். பின்னால் பல்பு எரிகிற கண்ணாடி போர்டு வேண்டும் என்று பஸ்காரர்கள் கேட்க ஆரம்பித்ததும் தகரத்துக்கு மதிப்பு போனது. கண்ணாடியின் முன்பக்கம் எழுதினால் மழையும் கிளீனர் துணியும் ஒரே மாசத்தில் தின்றுவிடும். பின்பக்கம்தான் எழுத வேண்டும். அந்த வேலையைச் சந்திரகலா என்ற டீச்சர், தேரடித் தெருவில் பாத்திரக்கடை மாடியில் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தாள். வயது முப்பதுகூட இருக்காது. குருக்கள் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே சாமி படம் பழகினார்கள். ஐம்பத்தாறு வயது இருசப்பன், பெயிண்டு டப்பாக்களைத் துண்டில் மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். தரையில் வைத்தால் யாராவது தொட்டுவிடுவார்களாம்.

கண்ணாடியில் வரிசை எல்லாம் தலைகீழ். கடைசியில் வைக்கிற கண்மணியை முதலில் வைக்க வேண்டும். பிறகு கோடு, பிறகு நகை, பிறகு உடம்பு. பின்னணி வண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி. "பின்னாடி வண்ணம் அடிச்சிட்டா கதவ சாத்தின மாதிரிங்க ஐயா. அப்புறம் உள்ள ஒண்ணையும் நொழைக்க முடியாது," என்றாள் சந்திரகலா.

"ஓடு வேஞ்சிட்டு அப்புறமா சொவுரு எழுப்புவீங்களா டீச்சரம்மா?"

குருக்கள் வீட்டு அபீதகுஜாம்பாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கண்ணாடிக்கு அப்படித்தாங்க. நம்பிச் செஞ்சு பாருங்க," என்றாள் டீச்சர். "நம்பறதுக்கு நான் இன்னா பச்சக் கொழந்தையா?" என்று இருசப்பன் எழுந்து போய்விட்டார்.

அசல் வித்தையை ஒளித்துவைத்துக்கொண்டு ஏமாற்றுகிறாள் என்று முடிவு கட்டினார். மூடிப்போன ஜவுளிக்கடையிலிருந்து ஷோகேஸ் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, தாழ் போட்டு, பலகைக்குச் செய்கிற மாதிரியே முதலில் பின்பக்கம் முழுக்க நீலம் அடித்துக் காயவிட்டார். காய்ந்த நீலத்துக்கு முன்னால் எழுத்து வர வேண்டும். நுழையாது என்றவளுக்குக் காட்டுகிறேன் பார் என்று பிரஷை அழுத்தினார், கையை அழுத்தினார், தோளைக் கொடுத்தார். நுழைந்தது. முழுசாக அவரே நுழைந்துவிட்டார்.

உள்ளே பசி இல்லை, தாடி வளரவில்லை; பீடி நினைப்பு மட்டும் இருந்தது. வலது புருவத்து மச்சம் இடதுக்குப் போயிருந்தது. முதுகுக்கும் நீலத்துக்கும் நடுவில் நகம் நுழைய இடமில்லை. உட்கார முடியாது, திரும்ப முடியாது. மறுநாளே சந்திரகலா டர்பெண்டைனும் பிளேடும் எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலிருந்து நீலத்தைச் சுரண்டினால் ஆள் வெளியே வந்துவிடலாம். ஆனால் அவர் போட்டிருந்த வேலைச் சட்டை முழுக்க அதே டப்பா நீலம். சட்டை எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் சுரண்டினால் முதுகே போய்விடும். அவள் இதைச் சொன்னதும், "கிட்ட வராத! யாரும் கிட்ட வரக் கூடாது!" என்று கத்தினார்.

"அந்தச் சட்டையப் பதினஞ்சு வருஷமா தொவைக்கறவ நான்யா. எந்தக் கறை எங்க இருக்குதுனு எனக்குத் தெரியும். நான் சொரண்டறேன்," என்றாள் பச்சையம்மாள்.

"சோத்தையே அடி புடிக்க விடறவ நீ. என் முதுவ உங்கிட்ட குடுக்கணுமா?"

இப்படி ஒன்பது வருஷம் போனது. வகுப்பில் அவர் இடம் காலியாக இருக்கவே பச்சையம்மாள் போய் உட்கார்ந்தாள். கண்மணியை முதலில் வைக்கச் சொன்னால் வைத்தாள், வேலை படிந்தது. அவள் எழுதிய போர்டுகள் வேட்டவலம் வரைக்கும் ஓடின. "ழவுக்கு வால் கோணல்," என்று கண்ணாடிக்குள்ளிருந்து தினம் ஒரு குறை வந்தது. ஒரு பௌர்ணமிக்கு அவரை மாட்டுவண்டியில் நிறுத்திக் கட்டி மலை சுற்றக் கொண்டுபோனார்கள். மலையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக் கட்டிவிட்டதால், அடி அண்ணாமலை வரைக்கும் புளியமரங்களை மட்டும் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தார். வேங்கிக்கால் பக்கம் புதுவீடுகள் வந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவள் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே படிந்த மூச்சை அவர் துண்டால் துடைத்துக்கொண்டார்.

1987 பங்குனியில் அவள் மூக்குக்கண்ணாடி போட்டாள். "இனிமே கண்ணு மங்கும்யா. மங்கிட்டா கறை தெரியாது. இந்த வருஷம் இல்லன்னா எப்பவும் இல்ல," என்றாள். இருசப்பன் மூன்று நாள் ழவின் வாலையே திட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலையில், "சரி, சொரண்டு," என்றார்.

கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். இப்போது அவருக்குத் தெரிந்தது சுவர் மட்டும்தான். அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வழியில்லை. காலர், தோள், அக்குள் தையல் என்று விரல் நகம் அளவு விரல் நகம் அளவாக வந்தாள். ஐந்தாம் நாள் ஒரு கை முழுசாக வெளியே வந்தது. வந்த கை முதல் காரியமாகப் பிளேடைப் பிடுங்கப் பார்த்தது. ஒரு அடி போட்டாள், அடங்கியது. பதினோராம் நாள் முதுகின் நடுவில் நிறுத்தினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலம். அது அவள் துவைத்த கறை இல்லை. மாட்டிக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையில் பட்டதாக இருக்கலாம், பின்னணியாகவும் இருக்கலாம்.

"இது சட்டையாய்யா?"

"தெரியல. நீயே பாத்துச் செய் பச்ச. நீ செஞ்சா சரியா இருக்கும்," என்றார். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அப்படி ஒரு பேச்சு அவர் வாயில் வந்ததில்லை.

அவள் பிளேடைக் கீழே வைத்தாள். "தொவைக்காத கறைய எனக்குத் தெரியாதுய்யா. தெரியாதத நான் சொரண்ட மாட்டேன்."

கை அந்தரத்தில் தேடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் விடவில்லை. பிறகு, "பீடி இருக்குதா?" என்றார்.

அந்த உள்ளங்கை நீலம் ஆளை உள்ளேயே பிடித்து வைத்தது. வெளியே வந்த கை சுவரில் இடிக்கக் கூடாது என்று கண்ணாடியை உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார்கள். முன்பக்கம் நின்றால் இருசப்பன் முகம். பின்பக்கம் போனால் கை. பச்சையம்மாள் போர்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அந்தக் கை பார்க்காமலேயே இடவலம் மாற்றி எழுதுகிறது. முதலில் எழுத்து, கடைசியில் நீலம். வரிசை தப்பியதே இல்லை. கீழ்பென்னாத்தூர் பஸ்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெயிண்டு காய்ந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள்.