பெல்ட்டுக்கு அடியில் மாதா எண்ணெய்

பிரிஜட் இறந்து எட்டு மாதமாகியும் அவளுடைய அப்பா இயேசுதாசன் மருமகன் ஆம்ப்ரோஸ் வீட்டிலேயே இருந்தார். காரணம் அந்த நடைமெஷின். சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் பாடுபட்ட மனிதர். பக்கவாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்டபின், பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தால்தான் நடை. ஏதோ ஹோட்டல் கழித்துப்போட்ட ட்ரெட்மில்லை பிரிஜட்தான் வாங்கித் தேக்கா வீட்டின் கூடத்தில் போட்டிருந்தாள்.

கிளமெண்டியில் இருந்த அவர் மகன் சிலுவைராஜ் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துவிட்டான். "அது ஓடுற வரைக்கும் நான் இங்கதான்லா," என்பார் கிழவர். ஆம்ப்ரோஸ் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது மெஷின் சத்தம் கேட்டால்தான் அவனுக்கு உள்ளே போகக் கால் வரும்.

அந்தச் சனிக்கிழமை ரப்பர் கருகும் வாடை வந்தது. மோட்டார் மூடியைத் தொட்டவன் கையை உதறினான்.

"மாமா, இறங்குங்க."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு மாப்பிள்ளை."

"இறங்குங்க."

பின்னாலிருந்த இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டான். விரல்கள் பிசுபிசுவென்று கறுப்பாக வந்தன. முகர்ந்தான். மாதா கோயில் விளக்கில் எரிந்த, திரிக்கரி கலந்த தேங்காயெண்ணெய். ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் பிரிஜட்டின் நெற்றியில் இருந்த வாசனை.

"மாதா எண்ணெயா மாமா?"

கிழவர் ஜன்னலைப் பார்த்தார். "கிறீச்சு கிறீச்சுன்னு அழுதுச்சு. பாட்டில்ல மிச்சம் கிடந்துச்சு. சிலுவை போட்டுத்தான் ஊத்தினேன். அவளுக்குத்தான் பலிக்கல. மெஷினுக்காவது பலிக்கட்டுமேன்னு..."

அது ஏன் அழுதது என்று ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை பிரிஜட் பெல்ட்டைத் தளர்த்தி, தூசி துடைத்து, பலகையில் சிலிக்கோன் எண்ணெய் விடுவாள். அந்தப் புட்டி டெலிபோனுக்குக் கீழே இழுப்பறையில் இருந்தது. எட்டு மாதமாக அவன் அதைத் திறக்கவில்லை. காய்ந்த பெல்ட் பலகையை உரசியது. அதற்குமேல் தேங்காயெண்ணெய் ஊறி, தூசி ஒட்டி, அத்தனையையும் மோட்டார் இழுத்திருக்கிறது.

சாயங்காலம்வரை சோப்புத் தண்ணீரால் துடைத்தான். துணியெல்லாம் அவள் வாசனை. மோட்டாரில் அடைந்த பஞ்சை எடுத்தான். எல்லாம் உலர்ந்ததும் புட்டியைத் திறந்து சிலிக்கோன் விட்டு ஓடவிட்டான். நான்கு நிமிடம் சத்தமே இல்லை. கிழவர் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். ஐந்தாவது நிமிடம் மூடிக்குள்ளிருந்து புகை எழுந்தது. பெல்ட் நின்றது.

"மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு," என்றான்.

"என்னாலதானே மாப்பிள்ளை?"

நான்தான் எண்ணெய் விடாமல் இருந்துவிட்டேன். நாக்கு நுனிவரை வந்தது.

"பழைய மெஷின் மாமா."

கிழவர் தலையாட்டினார்.

ஞாயிறு பூசை முடிந்து சிலுவைராஜ் வந்து அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டான். "என்ன மச்சான், சாகப்போற ஆளுக்குப் பூசுற மாதிரி மெஷினுக்கு அவஸ்தைப் பூசுதல் குடுத்துட்டாராமே? அப்பா, எங்க வீட்டு ஃபேன் பக்கம் போயிராதீங்க!"

கிழவர் சிரிக்கவில்லை. "மன்னிச்சிருங்க மாப்பிள்ளை. அவ ஆசையா வாங்கினது."

அவர்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. ஒரு மாடி இறங்க வேண்டும். சிலுவைராஜ் பையோடு முன்னால் போய்விட்டான். ஆம்ப்ரோஸ் மாமனாரின் இடது கையைப் பிடித்து இறக்கினான். பதினாறு படி. நாக்கு நுனிவரை வந்ததை ஒவ்வொரு படியிலும் சொல்லியிருக்கலாம். கடைசிப் படியில் நின்று கிழவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

லிஃப்ட் வந்தது.

"பார்த்துப் போங்க மாமா," என்றான்.