உப்பளத்தில் நிறுத்திய வண்டி

உப்பை மழையிலிருந்து காப்பது எப்படியென்று வேதமணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த முறையில்தான் மருமகன் ஷாமின் வண்டியையும் மூடி வைத்திருந்தார். ஆறுமுகநேரியில் அவருடைய உப்பளத்து மேட்டில், குவித்து வைத்த உப்பு அம்பாரங்களுக்கு நடுவே, அது இன்னோர் அம்பாரம்போலவே நின்றது. மேலே தார்ப்பாய், குறுக்கும் நெடுக்கும் கயிறு, காற்று தூக்கிவிடாதபடி கூரைமேலும் ஓரங்களிலும் மூட்டைகள்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து, ஊர் சுற்றும் வீடாக மாற்றியவர்கள் ஷாமும் ஜெப்ஸியும். கடைசியாக மணப்பாடு போய்த் திரும்பிய மறுவாரம், மூளையில் ரத்தம் கசிந்து ஜெப்ஸி இறந்துபோனாள். தூத்துக்குடியில் ஷாமின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டிக்கு இடமில்லை. மழைக்காலம் முடியும்வரை என்னிடம் நிற்கட்டும் என்று மாமனார் கேட்டு வாங்கிக்கொண்டார். ஷாம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: கதவைத் திறக்க வேண்டாம்.

காரணம் சொல்லவில்லை. உள்ளே எல்லாம் அவள் விட்டது விட்டபடி கிடந்தது. அடக்கத்துக்குப் பிறகு ஒருமுறை கதவைத் திறந்தபோது அவள் வாசம் முகத்தில் அடித்தது. உடனே சாத்திவிட்டான். திறக்கத் திறக்கக் குறையும் பொருள் அது. வீட்டிலிருந்த சேலைகளில் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்தது இந்த வண்டிக்குள் மட்டும்.

மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் தார்ப்பாயை எடுக்க வந்தான். கொழுந்தியாள் ஜெயஷீலாவும் வந்திருந்தாள்.

"யப்பா, இது வண்டியா, அம்பாரமா? லாரிக்காரன் பாத்தா அள்ளிட்டுப் போயிருவாம்லா."

"ஏளா, வாயை மூடிட்டு கயித்த அவுரு. இந்த மழைக்கு ஊரே மெதந்துச்சு. இங்கன ஒரு சொட்டு எறங்கியிருந்தா எம் பேர மாத்திக் கூப்பிடு."

"உப்புமணின்னு கூப்பிடவா?"

ஷாம் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பது இப்போதெல்லாம் அவனுக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்பதுபோலத்தான் இருந்தது. ஓரத்து மூட்டையைத் தூக்கப் போனான். கனமே இல்லை. கையோடு வந்தது வெறும் ஈரச்சாக்கு.

"இதுல என்ன மாமா வச்சிருந்தீங்க?"

"உப்புதான் மாப்ள. இங்கன கல்லுக்கு எங்க போவ? எல்லா அம்பாரத்துக்கும் உப்பு மூட்டையத்தான் பாரம் வைப்போம்."

சொல்லி முடிக்கும்முன்பே அவர் குரல் இறங்கிவிட்டது. உப்பின்மேல் உப்பு கரைந்தால் நட்டமில்லை. இது இரும்பு.

தார்ப்பாயை உருவினார்கள். மூட்டைகள் உரசிய இடங்களில் அது நைந்து ஓட்டையாகியிருந்தது. உப்புநீர் இறங்கிய தடமெல்லாம் பெயிண்ட் கொப்பளித்துத் துரு பூத்திருந்தது. கதவின் அடியை ஷாம் விரலால் அழுத்தினான், அப்பளம்போல நொறுங்கியது. கண்ணாடிகளின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"உள்ள பூசணம் புடிச்சிருக்கு அத்தான். தொறந்து காயப் போடணும். இப்பவே."

"வேண்டாம்."

"அப்படியே விட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"வேண்டாம்னேன்லா."

வேதமணி சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து துருவை நகத்தால் சுரண்டினார்.

"அவ கையால பெயிண்ட் அடிச்சது," என்றார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "காத்து புகுந்தா அவ வாசம் போயிருமேன்னுதான் மாப்ள, கதவு இடுக்கெல்லாம் களிமண் வச்சு அடைச்சேன். தொறக்காதீங்கன்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டு."

ஷாம் அவரைப் பார்த்தான். இத்தனை மாதமும் தான் ஒருவன் மட்டுமே காவல் இருப்பதாக நினைத்திருந்தான்.

சாவியை எடுத்தான். பூட்டு திரும்பியது, கதவு நகரவில்லை. ஜெயஷீலாவும் சேர்ந்து இழுத்ததும் கிறீச்சிட்டுத் திறந்தது.

வந்தது பூசண வாடை. மக்கிய மரமும் அழுகிய துணியும் கலந்த புளித்த நெடி. ஷாம் உள்ளே ஏறினான். மணப்பாட்டில் குளித்துவிட்டுப் போட்ட துண்டு போட்ட இடத்தில் கறுத்துக் கிடந்தது. அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியவன் அவன்தான். ஜெப்ஸியின் தலையணையை எடுத்து முகத்தோடு சேர்த்தான். கீழே வைத்தான்.

"இருக்கா மாப்ள?"

வேதமணி வெளியே நின்றுதான் கேட்டார். படியில் கால் வைக்கவில்லை.

இருக்கு என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். நம்பினால் கதவை மறுபடி சாத்தச் சொல்வார்.

"இல்ல மாமா."

அவர் தலையை ஆட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஷாம் பின்கதவையும் உதைத்துத் திறந்தான். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. மெத்தையின் ஒரு முனையை வெளியே தள்ளினான். சிறிது நேரம் அது அப்படியே தொங்கியது. பிறகு வேதமணி கை நீட்டி வாங்கினார்.

ஜெயஷீலா தொட்டியிலிருந்து தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தாள்.

"உப்புத் தண்ணியா?"

"நல்ல தண்ணிதான் அத்தான். லாரில வந்தது."

ஷாம் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். குழாயை மேலே பிடித்து, கைக்கு எட்டிய இடமெல்லாம் தேய்த்தான். துருவும் சேறும் தண்ணீரோடு அவன் முகத்தில் ஒழுகின.

"போதுமா அத்தான்?"

"இன்னும்," என்றான். குரல் உடைந்திருந்தது. "நிறுத்தாத. இன்னும்."